கோப்புறைக்குக் காவல் வையுங்கள்
போலாரம் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

போலாரம், அல்வால், லோத்குண்டா, திருமலகிரி வட்டாரத்தில் குடியிருந்து, மாதாப்பூருக்கும் கச்சிபௌலிக்கும் கணினி வேலைக்குப் போய்வரும் தமிழ் நண்பர்களுக்கு,



உங்களில் பலர் ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்திருக்கிறீர்கள். தாத்தா காலத்துத் தகரப் பெட்டியில் கிடந்த பத்திரங்கள், வாடகை ரசீதுகள், பள்ளிச் சான்றிதழ்கள், திருமணப் படங்கள், ஓய்வூதியப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல். அந்த டிஸ்கில் உள்ள ஒவ்வொரு கோப்பும் போட்ட நாளில் இருந்தபடியே இன்றும் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு உங்களில் அநேகரால் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடிவதற்கான கருவியோ நீங்கள் அன்றாடம் எழுதும் பைத்தானிலேயே இருக்கிறது.

இது உங்களுக்குப் புதிய வித்தையும் அல்ல. அலுவலகத்தில் நிரலின் ஒரு வரியைத் திருத்திச் சேமித்த மறுநொடி உலாவியில் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அந்த நிரல் இருக்கும் கோப்புறையை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் நடப்பது அது. நிறுவனத்தின் கோப்புறைக்குச் செய்துகொடுக்கும் அந்த வேலையை வீட்டுக் கோப்புறைக்கும் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

நம் ஊரில் காவல் உள்ள இடங்கள் உண்டு. 1860இல் கட்டப்பட்டு, ஆங்கிலேய ரெசிடெண்டின் புறநகர் மாளிகையாக இருந்து, இன்று ராஷ்டிரபதி நிலையமாக இருக்கும் கட்டடத்துக்குக் காவலுக்குக் குறைவில்லை. 1847இல் எழுந்த ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் சரித்திரத்தை எழுதி வைத்தவர்கள் உண்டு. 1983 நவம்பரில் எலிசபெத் மகாராணி தன் திருமண நாளன்று அங்கே வழிபட வந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக் காலத்திலிருந்து போலாரத்தில் நடந்த ஐரோப்பியர், யூரேசியர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள்கூட மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளோடு சேர்ந்து லண்டனுக்குப் போயின. இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் பகுதியாக அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அதே காலத்தில் இங்கே வந்த நம்மவர்களுக்கு அப்படி ஒரு நகல் எங்கும் போகவில்லை. செகந்திராபாத்தில் முகாமிட்டிருந்த மதராஸ் ராணுவத்தோடும், போலாரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஹைதராபாத் கண்டிஞ்ஜென்ட் படையோடும் வந்தவர்கள் அவர்கள். சிப்பாய்கள், குமாஸ்தாக்கள், சரக்குக் குத்தகைக்காரர்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள் என்று பல வகை. செகந்திராபாத்தில் 1862இல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் கல்லூரியாக வளர்ந்தது. 1893இல் விவேகானந்தர் சிகாகோவுக்குப் புறப்படும் முன் பேசிய இடம் அது. இப்படிப் பெயர் நிலைத்தவர் சிலர்தான். மற்ற குடும்பங்களின் சரித்திரம் முழுவதும் வீட்டில் இருக்கும் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம் இப்போது உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது.

சரித்திரம் மட்டுமா? கன்டோன்மென்ட் எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓல்ட் கிராண்ட் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நிலம் அரசுடையது, மேலே நிற்கும் கட்டடம் மட்டும் உங்களுடையது. யார் பெயரில், எந்த அளவில் என்பதை 1937ஆம் ஆண்டு விதிகளின்படி பராமரிக்கப்படும் பொது நிலப் பதிவேடு சொல்கிறது. குடியிருப்புப் பகுதிகளைக் கன்டோன்மென்டிலிருந்து பிரித்து மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சும் சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. அந்த நாள் வந்தால் முதலில் கேட்கப்படுவது காகிதமாகத்தான் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

ஒரு கோப்புறையில் மாற்றம் நடந்ததா என்று அறிய இரண்டு வழிகள். ஒன்று, மாற்றம் நடக்கும் அந்த நொடியிலேயே இயங்குதளம் நமக்குச் சொல்வது. மற்றொன்று, குறித்த நேரத்தில் நாமே போய் ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துப் பழைய கணக்கோடு ஒப்பிடுவது. மளிகைக் கடையில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் வேண்டும், மாதக் கடைசியில் சரக்கை எண்ணிப் பார்ப்பவரும் வேண்டும் என்பதுபோல இங்கேயும் இரண்டும் வேண்டும். உங்களில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். அதனால் அதன் குறைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஐநோட்டிஃபை. ஜான் மெக்கச்சனும் ராபர்ட் லவ்வும் எழுதியது, 2005இல் லினக்ஸின் 2.6.13 கெர்னலோடு வந்தது. மேக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ், விண்டோஸில் ரீட் டைரக்டரி சேஞ்சஸ் என்ற செயற்கூறு. மூன்றுக்கும் பொதுவாக ஒரே விதத்தில் எழுத பைத்தானில் வாட்ச்டாக் என்ற நூலகம் இருக்கிறது. யேசுதீப் மங்களப்பிள்ளி எழுதத் தொடங்கியது அது. பத்து இருபது வரிகளில் ஒரு காவல் ஸ்கிரிப்ட் தயாராகிவிடும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

ஐநோட்டிஃபை ஒரு கோப்புறையைப் பார்க்கும், அதற்குள் இருக்கும் உள்கோப்புறைகளைத் தானாகப் பார்க்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காவல் போட வேண்டும். வாட்ச்டாக் அதை நமக்காகச் செய்கிறது. ஆனாலும் புதிய உள்கோப்புறை உருவாவதற்கும் அதன்மேல் காவல் விழுவதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் உள்ளே வந்த கோப்பு கண்ணில் படாமல் போகலாம். பழைய லினக்ஸில் ஒரு பயனருக்கு 8192 காவல்கள்தான் இயல்பான வரம்பு. 5.11 பதிப்பிலிருந்து கணினியின் நினைவகத்தைப் பொறுத்து அது கூடியிருக்கிறது. பழைய கணினியில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். நிகழ்வுகள் குவியும்போது வரிசையில் இயல்பாக 16,384க்கு மேல் நிற்காது, மீதி உதிர்ந்துபோகும். உதிர்ந்தது என்ற ஒரே ஒரு அறிவிப்பு வரும். அதைக் கேட்டதும் முழுக் கணக்கெடுப்பைத் தொடங்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

கோப்பு பிறந்த செய்தி வந்ததும் அதைத் திறந்து படிக்காதீர்கள். ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் டிஃப் ஆகச் சேமித்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 26 எம்பி. அது எழுதி முடிய நேரம் ஆகும். பாதியில் படித்தால் பாதிக் கோப்பின் கணக்குத்தான் பதிவாகும், நாளைக்குப் பொய்யான எச்சரிக்கை வரும். எழுதி மூடியாயிற்று என்ற நிகழ்வு வரும்வரை காத்திருங்கள். பல மென்பொருள்கள் சேமிக்கும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, பிறகு பழைய பெயருக்கு மாற்றிக்கொள்கின்றன. தனிக் கோப்பின்மேல் போட்ட காவல் அதோடு அறுந்துவிடும். காவலை எப்போதும் கோப்புறையின்மேல் போடுங்கள்.

இன்னும் பெரிய குறை ஒன்று. வீட்டில் நெட்வொர்க் டிஸ்க் வைத்து எல்லாக் கணினிகளிலிருந்தும் அதில் எழுதுபவர்கள் நீங்கள். அண்ணன் கணினியிலிருந்து அதில் ஒரு கோப்பை அழித்தால், உங்கள் லினக்ஸ் கணினியின் ஐநோட்டிஃபைக்கு அது தெரியவே தெரியாது. தன் கெர்னலின் வழியாக நடப்பதை மட்டுமே அது காணும். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், பதிவேடு வெறுமையாக இருக்கும், எல்லாம் பத்திரம் என்று நீங்களும் நம்புவீர்கள். ஸ்கிரிப்டை அந்த டிஸ்க் இருக்கும் கணினியிலேயே ஓட்டுங்கள்; முடியாவிட்டால் இடைவெளி விட்டுத் தானே போய்ப் பார்க்கும் வாட்ச்டாக்கின் போலிங் முறையைப் பயன்படுத்துங்கள். மின்சாரம் போன நேரத்திலும் கணினியை அணைத்து வைத்த நாட்களிலும் நடந்த எதுவும் ஐநோட்டிஃபைக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிய டிஸ்கில் ஒரு பைட் கெட்டுப்போனால் அதற்கு எந்த நிகழ்வும் எழாது.

அதனால்தான் கணக்கெடுப்பு.

கணக்கெடுப்பில் கோப்பின் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிடுவது எளிது. ஆனால் அந்த நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் வடிவம் திருத்திய நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் வைத்திருக்கும். அதிலும் உள்ளூர் நேரமாக வைத்திருக்கும். நேர மண்டலம் வேறாக அமைந்த கணினியில் அதைச் செருகினால் எல்லாக் கோப்பின் நேரமும் தள்ளித் தெரிந்து, அத்தனையும் மாறிவிட்டதாக ஸ்கிரிப்ட் அலறும். ஆகவே உள்ளடக்கத்தையே கணக்கிடுங்கள். ஷா-256 முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகளில் ஒரு முத்திரை கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். பைத்தானின் ஹேஷ்லிப் இதை உடனே தருகிறது, 3.11 பதிப்பிலிருந்து கோப்பை நேராகக் கொடுத்தே கேட்கலாம். சாதாரண வெளி டிஸ்கில் நொடிக்கு 100 எம்பி படிக்க முடிந்தால் 100 ஜிபியைக் கணக்கெடுக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். வாரம் ஒருமுறை இதை ஓட்டுவது ஒன்றும் பெரிய பாரமில்லை.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1992இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் யூஜீன் ஸ்பாஃபோர்டும் டிரிப்வயர் என்ற மென்பொருளை எழுதியபோதே அடிப்படை இதுதான்: நல்ல நிலையில் இருக்கும்போது முத்திரைப் பட்டியலை எடு, பிறகு திரும்பத் திரும்ப ஒப்பிடு. கடன் அட்டைத் தகவல் வைத்திருக்கும் நிறுவனங்கள் முக்கியக் கோப்புகளை வாரம் ஒருமுறையாவது இப்படி ஒப்பிட வேண்டும் என்று பிசிஐ தரவிதி கேட்கிறது. நூலகங்களுக்கென்று பேகிட் என்ற அமைப்பு இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் பயன்படுத்தி வளர்த்த அது 2018இல் ஆர்எஃப்சி 8493 என்ற ஆவணமாக வெளிவந்தது. ஒரு பை, அதற்குள் கோப்புகள், பக்கத்தில் முத்திரைப் பட்டியல், அவ்வளவுதான் அது. நீங்களாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்காமல் இதையே பின்பற்றினால், இன்னும் முப்பது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கும் புரியும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. பைத்தான் பாடங்கள் எதிலும் இது உங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்காது. கோப்புறைக்குப் போலாரம் என்று தமிழிலேயே பெயர் வையுங்கள், தயங்காதீர்கள். ஆனால் யூனிகோடில் முதல் எழுத்தான ‘போ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். பகரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் விதத்தில் போலாரம் 21 பைட், இரண்டாவதில் 24 பைட். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு நகல் எடுத்தால், போலாரம் அழிக்கப்பட்டது, போலாரம் புதிதாக வந்தது என்று ஒரே நேரத்தில் இரண்டு செய்திகள் வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எல்லா எழுத்துகளுக்கும் ஔ என்ற உயிரெழுத்துக்கும் இது பொருந்தும். பெயரைப் பட்டியலில் எழுதும்போதும் ஒப்பிடும்போதும் யூனிகோட்டேட்டா நூலகத்தைக் கொண்டு என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நீளமும் முக்கியம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி வைத்த ஒரு மெய்யெழுத்தே 6 பைட். மொத்தம் 85 குறியெண்கள்தான் கொள்ளும். விண்டோஸ் இதைவிட மும்மடங்கு இடம் கொடுக்கும். பெரியப்பா ஊர், பெயர், பத்திர விவரம் எல்லாம் சேர்த்து விண்டோஸில் வைத்த நீளமான பெயர், லினக்ஸ் டிஸ்குக்கு நகல் எடுக்கும்போது நுழையாமல் நின்றுவிடும். நகல் எடுத்தவர் கவனிக்கமாட்டார். முத்திரைப் பட்டியல் இருந்தால் எது வரவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். உங்களில் பெரும்பாலோர் பேக்கப் என்று சொல்வது மேகத்தோடு ஒத்திசைக்கும் சேவையை. இங்கே கெட்டால் அங்கேயும் கெடுவதுதான் ஒத்திசைவு. ரான்சம்வேர் ஒரு கோப்பைப் பூட்டினால், பூட்டிய நகலையே அது நேர்மையாக மேலே அனுப்பும். 2019இல் தெலங்கானா, ஆந்திர மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளும், 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களும் ரான்சம்வேரில் சிக்கின. இங்கேதான் நொடிக் காவல் தன் முழுப் பயனைத் தருகிறது. குடும்ப ஆவணங்கள் உள்ள கோப்புறையில் ஒரு நிமிடத்துக்குள் நூறு கோப்புகள் மாறுவதற்கு எந்த நியாயமான காரணமும் கிடையாது. அப்படி நடந்தால் முதல் காரியமாக ஒத்திசைவை நிறுத்தும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். செய்தி அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

காவல் இருந்தும் போதாமல் போன கதையும் உண்டு. நான் முன்னே சொன்ன பிரிட்டிஷ் நூலகமே 2023 அக்டோபரில் தாக்கப்பட்டது. நூலகம் அடுத்த மார்ச்சில் தானே வெளியிட்ட அறிக்கையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அக்டோபர் 26 அதிகாலையிலேயே எச்சரிக்கை வந்திருக்கிறது. பார்க்க வேண்டியவர் பார்த்திருக்கிறார், பதிவுகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிப்படையாகத் தவறு எதுவும் தென்படவில்லை. 28ஆம் தேதி அதிகாலையில் 440 ஜிபி வெளியே போயிற்று. நூலகத்தின் நூற்பட்டியல் மறுபடியும் இணையத்துக்கு வர அடுத்த ஜனவரி ஆனது. அந்த நூலகம் தன் பிழையை ஊரறிய எழுதியது மிகப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். நம் ஊர்க் கணினித் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிக்கை அது.

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது, அது கவனிக்கப்படவும் வேண்டும். ஆகவே எச்சரிக்கையைக் குறைத்துக் கேளுங்கள். விண்டோஸும் மேக்கும் தாமாகப் போட்டு வைக்கும் சிறு கோப்புகளை ஸ்கிரிப்ட் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு செய்தி வந்தால் நான்காம் நாள் யாரும் படிக்கமாட்டார்கள். நாளுக்கு ஒரு செய்தி போதும். ஆனால் எதுவும் மாறாத நாளிலும் அது வர வேண்டும்: இத்தனை கோப்புகள் பார்த்தேன், மாற்றம் இல்லை என்று. செய்தி வராத நாள், ஸ்கிரிப்ட் நின்றுபோன நாள் என்று பிடித்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி ஒருவருக்கு மட்டும் வராமல் இரண்டு பேருக்கு வரட்டும்.

முத்திரைப் பட்டியலால் நேரடியாக ஒரு பயனும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஆவணத்தின் ஹேஷ் மதிப்பையும் (நாம் சொல்லும் முத்திரைதான்), அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் நிரப்ப வேண்டும். ஷா-256 அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஸ்கேன் ஒருபோதும் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது, மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஆனால் மூலம் செல்லரித்துப் போன பின், இந்த நகல் இத்தனை ஆண்டுகளாக மாறாமல் இருந்தது என்று காட்ட ஒரு பழைய பட்டியல் கைவசம் இருப்பது எவ்வளவு பலம் என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலும் கோப்புகளும் ஒரே டிஸ்கில் இருந்தால், கோப்பை மாற்றுகிறவன் பட்டியலையும் மாற்றிவிடுவான். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாகக் கொண்டு அதற்கே ஷா-256 முத்திரை எடுங்கள். ஆயிரம் கோப்பானாலும் லட்சம் கோப்பானாலும் வருவது 64 எழுத்துகள்தான். அதைத் தேதியோடு ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு முதல் பட்டியலை எடுத்துவிடுங்கள். அந்த 64 எழுத்துகளை அடுத்த தெரு நண்பர் வீட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அவருடையதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி தெரிந்தவர் யாரும் இல்லாத வீடுகள் போலாரத்தில் நிறைய இருக்கின்றன. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் அவை. அவர்களுடைய பெட்டிகளும் இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றன. உங்கள் வீட்டு வேலை முடிந்ததும் ஸ்கேனரையும் ஸ்கிரிப்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

அன்புடன்,
ரிசாலா பஜாரில் வளர்ந்த உங்கள் ஊர்க்காரன்
போலாரம்